பாட்டி அறிந்ததை ஆய்வுக்கூடம் ஏன் அளக்க வேண்டும்? பச்சிளங்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது பற்றி ஒரு கேள்வி

ஆயர் ஈத்தாம் அம்மா கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். எங்கள் முதல் பிள்ளை முழுமாதத்தில் பிறந்த ஆண்குழந்தை. இப்போது ஐந்து வாரம் ஆகிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் செய்த சோதனையில் ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையக்கூடிய பிறவிக் குறை) இருப்பதாகத் தெரிவித்தார்கள். முதல் வாரத்தில் மஞ்சள்காமாலை வந்து, விளக்கொளியில் வைத்துச் சரிசெய்து அனுப்பினார்கள். மற்றபடி நன்றாகப் பால் குடிக்கிறான், எடையும் ஏறுகிறது.

என் மாமியார் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். பேரனைக் குளிப்பாட்டுவதற்காகவே எங்களோடு வந்து தங்கியிருக்கிறார். குளியலறையில் தாழ்ந்த மணையில் அமர்ந்து, கால்களை நீட்டிச் சேர்த்துவைத்து, பிள்ளையின் தலை தம் பாதங்களின் பக்கம் வரும்படி கிடத்திக்கொள்வார். நல்லெண்ணெயைச் சுடுநீர்க் கிண்ணத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, முதலில் தம் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே பிள்ளையின் மார்பில் கை வைப்பார். பிறகு கை, கால், முதுகு என்று அழுத்தி நீவி, கைகளை மார்பின் குறுக்கே மாற்றி மாற்றி மடக்கி, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து மடக்கி நீட்டுவார். இதுவரை எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை, ஏனெனில் பிள்ளை அதன் பின் ஆழ்ந்து உறங்குகிறான். ஆனால் மூக்கைப் பிடித்து உருவுவது, மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது, மார்புக் காம்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, குளித்த பின் சாம்பிராணிப் புகையில் காட்டுவது ஆகியவற்றையும் அவர் விடாமல் செய்கிறார்.

பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் ஒரு தாதி எண்ணெயே கூடாது என்றார். வீட்டுக்கு வந்து பார்த்த இன்னொருவர் தாராளமாகத் தேய்க்கலாம் என்றார். இதற்கிடையில் என் கணவர், குழந்தையை நீவி விடுவது நல்லது என்று ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியிருப்பதாக எங்கோ படித்துவிட்டுத் தம் தாயாரிடம் பெருமையாகச் சொன்னார். “இதைக் கண்டுபிடிக்கவா படித்தவர்கள் காசு செலவழித்தார்கள்?” என்று என் மாமியார் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. ஆய்வுகள் உண்மையில் எதை நிறுவியிருக்கின்றன? வீட்டில் நடப்பவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை விடச் சொல்வது? பெரியவரின் மனம் நோகாமல் பேச வேண்டும் என்பதால்தான் விவரமாகக் கேட்கிறேன்.

பட்டர்வொர்த் தாதி (பணி ஓய்வு) எழுதுகிறார்:

வணக்கம் தங்கையே. குறைமாதக் குழந்தைகளின் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்தவள் என்பதால் உங்கள் மாமியாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். குழந்தையைத் தொட்டு நீவுவது நல்லது என்பது பாட்டிமார்களுக்குத்தான் பொதுஅறிவாக இருந்தது; மருத்துவமனைகளில் அதற்கு நேர்மாறானது பொதுஅறிவாக இருந்தது. குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது, தொட்டால் இரத்தத்தில் உயிர்வளி அளவு இறங்குகிறது, தொற்று வரும் என்ற காரணங்களால் ஊசி போடவும் துணி மாற்றவும் தவிர வேறெதற்கும் தொடாதீர்கள் என்பதே 1970களிலும் 80களிலும் பல மருத்துவமனைகளில் விதியாக இருந்தது. அது மூடத்தனமான விதியன்று. ஊசி குத்தும் கைகளால் மட்டுமே தொடப்பட்ட குழந்தைகளைப் பார்த்து உருவான விதி அது. ஆகவே ஆய்வு செய்தவர்கள் பாட்டியை மெய்ப்பிக்கப் புறப்படவில்லை. மருத்துவர்களோடு வாதாடத்தான் புறப்பட்டார்கள்.

அந்த வாதத்தில் திருப்புமுனையாக அமைந்தது, அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு. நாற்பது குறைமாதக் குழந்தைகளை இருபது இருபதாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், பத்து நாள்களுக்குக் கண்ணாடிப் பெட்டியின் துளைகள் வழியே கையை விட்டு நீவினார்கள். முதல் ஐந்து நிமிடம் தலை முதல் கால் வரை நீவுதல், அடுத்த ஐந்து நிமிடம் கைகால்களை மடக்கி நீட்டுதல், கடைசி ஐந்து நிமிடம் மீண்டும் நீவுதல் என்பது அவர்கள் வகுத்த முறை. உங்கள் மாமியார் எந்த மயாமியையும் பார்த்ததில்லை, ஆனாலும் நீவுவதோடு மடக்கி நீட்டுவதையும் சேர்த்தே செய்கிறார் என்பதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். நீவப்பட்ட குழந்தைகளின் அன்றாட எடைக் கூடுதல் மற்றவர்களைவிட 47 விழுக்காடு அதிகமாக இருந்தது. சராசரியாக ஆறு நாள்கள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். இதில் வியப்பு என்னவென்றால், இரு பிரிவினரும் குடித்த பாலின் அளவில் வேறுபாடு இல்லை.

அதே பால், கூடுதல் எடை எப்படி? இந்த இடத்தில்தான் பொதுஅறிவு நின்றுவிடுகிறது. டியூக் பல்கலைக்கழகத்தில் சோல் ஷான்பெர்க் என்பவர் எலிக்குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்தபோது அவற்றின் வளர்ச்சி இயக்குநீர் குறைவதையும், ஈரத் தூரிகையால் தாய் நக்குவதுபோல் அழுத்தமாக வருடினால் அது மீள்வதையும் கண்டிருந்தார். சூடோ பாலோ தாயின் மணமோ அந்தக் குறையை நிரப்பவில்லை, அந்த வருடல்தான் நிரப்பியது. குழந்தைகளிடம் பின்னர் செய்த அளவீடுகளில், மிதமான அழுத்தத்தோடு நீவும்போது மூளையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயல் கூடுவதும், இரைப்பை அசைவு அதிகரிப்பதும் பதிவாகின. மேலோட்டமாகத் தடவியபோது அந்த மாற்றம் ஏற்படவில்லை. இளம் தாய்மார்கள் பயத்தில் நுனிவிரலால் தடவுவார்கள். பிள்ளை கூச்சத்தில் உடம்பை முறுக்கிக்கொள்ளும். “அழுத்தித் தேய், ஒன்றும் ஆகாது” என்று பக்கத்தில் நிற்கும் பாட்டி சொல்வது சரி என்று அந்த அளவீடுகள் காட்டுகின்றன. எவ்வளவு அழுத்தம் என்றால், நீவும் இடத்தில் தோலின் நிறம் சற்றே மாறி உடனே மீளும் அளவு. எலும்பின்மீது அழுத்தக் கூடாது, உச்சிக்குழியில் உள்ளங்கையை வைக்கலாமே தவிர விரலால் அழுத்தவே கூடாது.

இனி வீட்டு விஷயம். மூக்கில் எண்ணெய் விடுவதை இன்றே நிறுத்துங்கள். இதில் மாமியாரின் மனம் நோகுமா என்று பார்க்க வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் இறங்கினால், நீரைப்போல் இருமலைத் தூண்டாமல் ஓசையின்றித் தங்கி, எண்ணெய்வகை நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் இந்த வழக்கத்தினால் வந்த நோயாளிகளைப் பல பத்தாண்டுகளாகவே பதிவுசெய்து வந்திருக்கிறார்கள். மார்பைப் பிதுக்குவதும் கூடாது. தாயின் இயக்குநீர் பிள்ளையின் உடலில் சில வாரம் எஞ்சியிருப்பதால் ஆண்பிள்ளைக்குக்கூட மார்பு சற்று வீங்கிப் பால் கசியும். தொடாமல் விட்டால் தானே வற்றிவிடும், பிதுக்கினால் சீழ்க்கட்டியாகலாம். காதில் விடும் எண்ணெயால் எந்தப் பயனும் இல்லை. சாம்பிராணி மணம் எனக்கும் பிடிக்கும், ஆனால் புகை புகைதான். அடுக்குமாடி வீட்டின் மூடிய அறையில் ஐந்து வாரக் குழந்தைக்கு அது வேண்டாம். பூசையறையோடு நிற்கட்டும்.

ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளை என்பதால் இன்னொன்று. குழந்தைத் துணிகளை வைத்திருந்த அலமாரியில் அந்துருண்டை போட்டிருந்தால், அந்தத் துணி எதுவும் அவன்மேல் படக் கூடாது. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் இத்தகைய குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைக்கும். எண்ணெய் தேய்த்த தோலில் அது எளிதாகவே ஊறும். வயிற்று உப்பசத்துக்கென்று கடையில் விற்கும் காற்று எண்ணெய்களையும், கற்பூரம் சேர்த்த எதையும் பயன்படுத்த வேண்டாம். கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடிய நஞ்சு, இது ஜி6பிடி குறைபாடு இல்லாத பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

பங்சார் வாசகர் எழுதுகிறார்:

கோலாலம்பூரிலிருந்து வணக்கம். பொதுச் சுகாதாரத் துறையில் பணிபுரிகிறேன். மேலே தாதி அம்மா எழுதியதில் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடுதான், ஆயினும் “ஆய்வு உறுதிப்படுத்திவிட்டது” என்ற முடிவுக்கு விரைந்து வரக் கூடாது என்று எண்ணுகிறேன். 1986ஆம் ஆண்டு ஆய்வு நாற்பது குழந்தைகளைக் கொண்டது, அவர்கள் அனைவரும் குறைமாதத்தவர்கள். பின்னர் வந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2004இல், மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு, குறைமாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து கிராம் கூடுதல் எடை கிடைப்பதாகக் கணக்கிட்டது. ஆனால் அந்த ஆய்வுகள் நடத்தப்பட்ட விதம் நம்பிக்கை தருவதாக இல்லை என்றும் அதே மதிப்பீடு எச்சரித்தது.

உங்கள் மகனைப்போல் முழுமாதத்தில், நலமாகப் பிறந்த, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றி அதே அமைப்பின் மதிப்பீடு 2013இல் வந்தது. அதில் சேர்க்கப்பட்ட 34 ஆய்வுகளுள் 20, ஒருபக்கச் சாய்வுக்குப் பெரிதும் இடமளிப்பவை என்று மதிப்பிட்டவர்களே எழுதினார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தார்கள். பயனில்லை என்று மெய்ப்பிக்கப்பட்டதாக இதற்குப் பொருளில்லை. யாருக்கு நீவிவிடுகிறோம் என்பதை மறைத்துவைத்து இத்தகைய ஆய்வை நடத்த முடியாது. தாயே மசாஜ் செய்து, தாயே “நன்றாக உறங்கினான்” என்று படிவத்தில் நிரப்பும்போது, அந்த விடையில் அவளுடைய நம்பிக்கையும் கலந்துவிடுகிறது. டில்லியில் 125 முழுமாதக் குழந்தைகளிடம் நான்கு வாரம் நடத்தி 2000இல் வெளியான ஆய்வில், நல்லெண்ணெய் தேய்த்த பிரிவில் வளர்ச்சியும் உறக்கமும் மேம்பட்டதாகக் கண்டார்கள். நம்மவர்கள் விரும்பி மேற்கோள் காட்டும் ஆய்வு அது. ஆனால் பல எண்ணெய்களுக்கிடையே பிரிக்கப்பட்டதால் ஒவ்வொரு பிரிவிலும் குழந்தைகள் மிகச் சிலரே என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

எண்ணெய் விவகாரத்தில் இரண்டு தாதியரும் இரண்டு விதமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மான்செஸ்டரில் 115 பச்சிளங்குழந்தைகளிடம் நான்கு வாரம் ஆலிவ் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் தடவிப் பார்த்ததில், தோலின் ஈரப்பதம் கூடினாலும், தோலைக் காக்கும் கொழுப்பு அடுக்குகள் ஒழுங்காக அமைவது இரண்டு எண்ணெயாலுமே தடைபட்டது. மறுபுறம், வங்காளதேசத் தலைநகர் டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்கு அதே சூரியகாந்தி எண்ணெயைத் தடவியபோது மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைந்ததாக 2005இல் வெளியிட்டார்கள். தோல் முதிராத, தொற்று மிகுந்த சூழலில் இருக்கும் குழந்தைக்கு எண்ணெய் ஒரு கூடுதல் அரண்; முழுமாதக் குழந்தைக்கு அந்த அரண் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கிறது. முதல் சூழலை மனத்தில் வைத்துப் பேசுபவர் தேய்க்கலாம் என்பார், இரண்டாவதை வைத்துப் பேசுபவர் வேண்டாம் என்பார்.

நல்லெண்ணெயில் ஒலீயிக் அமிலம், லினோலீயிக் அமிலம் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களும் ஏறத்தாழச் சமமாக, ஒவ்வொன்றும் ஐந்தில் இரண்டு பங்கு அளவில் இருக்கின்றன. ஒலீயிக் மிகுந்த ஆலிவ் எண்ணெயைக் காட்டிலும் இது தோலுக்குத் தீங்கு குறைவானதாக இருக்கலாம் என்பது என் ஊகம். தேங்காய் எண்ணெய் இவ்விரண்டும் குறைந்த வேறு வகை. மும்பையில் 2005இல் வெளியான ஆய்வொன்று குறைமாதக் குழந்தைகளின் எடை தேங்காய் எண்ணெயால் கூடியதாகக் கண்டது. எதுவாயினும், குளியலில் முழுவதும் கழுவப்படும் எண்ணெய்க்கும் நாள் முழுதும் தோலில் ஊறும் எண்ணெய்க்கும் வேறுபாடு உண்டு, மான்செஸ்டரில் சோதித்தது இரண்டாவதை. பிள்ளையின் கன்னத்திலோ முழங்கை மடிப்பிலோ சிவந்து சொரசொரப்பான கரப்பான் படை தோன்றினால் எல்லா எண்ணெயையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வெடித்த தோலில் உணவுப்பொருள் படுவது பின்னாளில் ஒவ்வாமைக்கு வழிவிடலாம். வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைப் பற்றி 2003இல் பிரிட்டனில் செய்த ஆய்வு இதைத்தான் சுட்டியது. எள்ளும் ஒவ்வாமை தரும் பொருள்தான்.

நிபோங் திபால் பாட்டி எழுதுகிறார்:

என் பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள். ஐயா எழுதியதெல்லாம் எனக்குப் பாதிதான் விளங்கியது, ஆனாலும் ஒரு செய்தியைக் கேட்க விரும்புகிறேன். எடையையும் உறக்கத்தையும் அளந்தீர்கள். தேய்த்துவிடும் கை எதையெல்லாம் பார்க்கிறது என்பதை அளந்தீர்களா? தோட்டத்தில் நாங்கள் பிள்ளையைத் தேய்க்கும்போதுதான் தொப்புள் ஈரமாக இருக்கிறதா, அக்குளிலும் தொடை இடுக்கிலும் வெந்திருக்கிறதா, ஒரு கால் மற்றதைப்போல் விரியாமல் இழுக்கிறதா, வயிறு கல்லாக இருக்கிறதா என்றெல்லாம் கண்டோம். கழுத்து மடிப்பில் பால் வழிந்து புளித்துப் புண்ணாவதை, துணி சுற்றிய பிள்ளையிடம் யார் பார்ப்பது? தாய் வெளிக்காட்டு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை நாள் முழுதும் ஆயா கொட்டகையில் கிடக்கும். காலையில் நடக்கும் அந்த ஒரு தேய்ப்புதான் பிள்ளையை அக்கறையோடு ஒருவர் முழுதாகப் பார்க்கும் நேரம்.

மூக்கு உருவுவதால் மூக்கு எடுப்பாக வராது. என் பிள்ளைகள் அனைவருக்கும் உருவினேன், எல்லோருக்கும் அவர்களுடைய அப்பாவின் மூக்குத்தான் வாய்த்தது. எண்ணெய் சொட்டுவதைத் தோட்டத்து மருத்துவமனை மிஸ்ஸி (தாதி) சொல்லி அப்போதே விட்டோம். உங்கள் மாமியாரிடம் “கூடாது” என்று தொடங்காமல், வேறொரு பாட்டி விட்டுவிட்டதாகச் சொல்லுங்கள், கேட்பார். இன்னொன்று: பால் குடித்தவுடன் தேய்க்கக் கூடாது, அரைமணி நேரமாவது போகட்டும், பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கைகளை விறைத்தால் அன்றைக்குப் போதும் என்று பொருள்.

பங்சார் வாசகர்:

பாட்டி, நீங்கள் கேட்டதை அளக்கவில்லை என்பதே உண்மை. இடுப்பு மூட்டு விலகலைக் கண்டறிய மருத்துவர்கள் இரண்டு காலையும் மடக்கி விரித்துப் பார்ப்பார்கள். நீங்கள் சொல்லும் “ஒரு கால் விரியாமல் இழுப்பது” அதன் அடையாளங்களுள் ஒன்று. இதை நான் என் துறையினரிடம் எடுத்துச் செல்கிறேன்.

ஆயர் ஈத்தாம் அம்மா:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பாட்டி சொன்ன வழியிலேயே பேசினேன். மூக்கு எண்ணெய் நின்றது, சாம்பிராணிக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. அலமாரியில் அந்துருண்டை இல்லை, நல்லவேளை. மேலும் ஒரு கேள்வி. என் 98 நாள் பேறுகால விடுப்பு முடிந்ததும் மாமியாரும் ஊர் திரும்பிவிடுவார். என் கணவர் தாம் தேய்த்துவிடுவதாகச் சொல்கிறார், ஆனால் அவருக்குக் கிடைத்த ஏழு நாள் விடுப்பு மருத்துவமனையிலும் காமாலையிலுமே கழிந்துவிட்டதால் பிள்ளையைத் தூக்கவே தயங்குகிறார். பழக்கப்பட்ட கையாக இருந்தால்தான் பலனா?

பட்டர்வொர்த் தாதி:

தயங்காமல் செய்யச் சொல்லுங்கள். நம் தோலில், முடி முளைக்கும் பகுதிகளில், மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் உள்ளன. நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில், உடற்சூடுள்ள கை நகரும்போதே அவை மிகுதியாகத் துடிக்கும் என்று சுவீடன் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பெற்றோரிடம் எந்த அறிவுரையும் தராமல் பிள்ளையைத் தடவச் சொன்னபோது, அவர்களுடைய கை தானாகவே அந்த வேகத்தில்தான் நகர்ந்தது. செயற்கைக் கையைத் தடவச் சொன்னால் வேகம் கூடிவிட்டது. 2018இல் ஆக்ஸ்ஃபோர்டில், குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பதற்கு முன் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் தூரிகையால் வருடியபோது, பச்சிளங்குழந்தைகளின் மூளையில் பதிவாகும் வலி அலை குறைந்தது. அங்கே வருடியது தாயும் இல்லை, பாட்டியும் இல்லை, ஆய்வாளர்தான். ஆக, உங்கள் கணவரின் கை போதும். நகத்தை வெட்டி, கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு உட்காரட்டும். முதலில் எண்ணெயே வேண்டாம், மடியில் மெல்லிய துண்டின்மேல் கிடத்திக் கால்களிலிருந்து தொடங்கலாம். வழுக்கும் பிள்ளையைக் காலில் போட்டு நீர் ஊற்றுவதை மட்டும் மாமியார் இருக்கும்போதே பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

ஐந்து வாரம் என்று சொன்னதால் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். பிறந்தபோது இடது மேற்கையில் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் இடம் இப்போதுதான் சிறு கொப்புளமாகிச் சீழ்பிடித்ததுபோல் தெரியத் தொடங்கும். அது இயல்பானது. அந்த இடத்தில் எண்ணெய் தடவவோ அழுத்தவோ பிதுக்கவோ கூடாது, மருந்தும் பூசக் கூடாது. நீர் படலாம், மெதுவாக ஒற்றித் துடைத்தால் போதும். அக்குளில் கட்டி பெரிதானால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாம் மாத ஊசி தொடையில் போடுவார்கள். அன்றும் மறுநாளும் அந்தத் தொடையை நீவாமல் விட்டுவிடுங்கள், காய்ச்சல் இருந்தால் தேய்ப்பே வேண்டாம்.